பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே தீவை விட்டு வரச் சொல்கிறார்கள். வந்து எங்கே தங்குவது?

கல்வேலி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நெடுந்தீவிலிருந்து எழுதுகிறேன். இரண்டாவது பிள்ளை வயிற்றில், இப்போது 32 கிழமை. தவணை மார்கழி நடுப்பகுதி. போன கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "36 கிழமை தாண்டினால் நீ இங்கே நிற்கக்கூடாது. வாடை எழும்பிவிடும், கடல் விடாது. யாழ்ப்பாணத்தில் இப்போதே ஒரு இடம் பார்" என்றார். அவர் சொன்னது சரி. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

வெளியூர்க்காரருக்காகக் கொஞ்சம் விளக்கம். எங்கள் தீவுக்குப் பாலம் கிடையாது. மாவிலித்துறையில் படகு ஏறினால், கடல் நல்லாயிருக்கிற நாளில் ஒரு மணித்தியாலத்தில் குறிகட்டுவான். அங்கிருந்து 776 பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணம் போய்ச்சேர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தீவில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. காய்ச்சல், காயம், கிளினிக், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி எல்லாம் அங்கேதான். ஆனால் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்கிற அறுவைக்கூடமும் மயக்க மருந்து டொக்டரும் இரத்த வங்கியும் கடலுக்கு அந்தப் பக்கம்.

மூத்தவள் பிறந்தது சோளகக் காலத்தில், தென்மேற்குக் காற்று அடிக்கிற நேரம். 37 கிழமையில், விடியப்புறம் மூன்று மணிக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. கடற்படைப் படகில்தான் ஏற்றினார்கள். படகுத் தரையில் பாய் விரித்து என்னைக் கிடத்தினார்கள். அம்மா என் தலையைத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் என் தோளை அமத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் குத்து எதனால் வருகிறது, அலையாலா நோவாலா என்றே எனக்குத் தெரியவில்லை. குறிகட்டுவானில் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் வண்டி விளக்கைப் போட்டபடி நின்றது. அந்த நீல வெளிச்சத்தைக் கண்டபோதுதான் அம்மா முதல்முறை அழுதார். வைத்தியசாலை வாசலைத் தொட்டு நாற்பது நிமிடத்தில் மகள் பிறந்தாள். இருவரும் சுகம்.

அதனால்தான் இம்முறை முன்கூட்டியே போய்த் தங்க வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன். இடம்தான் கிடைக்கவில்லை. வைத்தியசாலைக்குக் கிட்ட ஒரு வீட்டில் அறை தருவதாக முதலில் ஒப்புக்கொண்டார்கள். முற்பணமும் பேசி முடிந்தது. பிறகு நான் நிறைமாதம் என்று தெரிந்ததும், "பிள்ளை பிறந்து திரும்பி இங்கே வந்தால் துடக்கு, நாங்கள் விரதம் பிடிக்கிற வீடு" என்று மறுத்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் சமைக்க விடமாட்டார்களாம். மூத்தவளைக் கூட்டிவரக் கூடாதாம். இவர் கடலுக்குப் போகாவிட்டால் வாடகைக்கே காசில்லை. மாமிக்கு முழங்கால் ஏலாது, மூன்று வயதுப் பிள்ளையை ஒரு மாதம் அவரிடம் விட முடியாது.

தீவகத்துப் பெண்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? எங்களுக்கென்று ஒரு தங்கிடம் ஏன் இன்னும் இல்லை?

ஓய்வுபெற்ற மருத்துவிச்சி எழுதியது:

தங்கச்சி, நான் தீவுப் பகுதியில் பல வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள். உன் கேள்வி நான் வேலை செய்த காலம் முழுக்க என் கொப்பியில் இருந்த கேள்வி.

என் கொப்பி எப்படி என்றால், ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயருக்கு நேரே தவணைத் திகதி, அதற்குப் பக்கத்தில் அந்த மாதத்துக் காற்று. சோளகம் என்றால் சோ, வாடை என்றால் வா. அதற்கடுத்து யார் வீட்டில் தங்கப் போகிறாள் என்று ஒரு பத்தி. இரத்த அழுத்தம், எச்.பி. என்கிற ஹீமோகுளோபின் அளவு, இரத்த வகை எல்லாம் அட்டையிலேயே எழுதுவோம். "யார் வீட்டில்" என்ற பத்திக்கு அட்டையில் இடமில்லை. ஆனால் தாய்மார் கடைசி நேரம் வரைக்கும் புறப்படாமல் இருந்தது பெரும்பாலும் அந்தப் பத்தி வெறுமையாக இருந்ததால்தான்.

பலர் இதைப் பிடிவாதம் என்று நினைப்பார்கள். "படிப்பறிவில்லாதவள், சொல்லச் சொல்லக் கேட்காமல் இருந்துவிட்டாள்" என்பார்கள். நான் அப்படி ஒருத்தியைக்கூடக் காணவில்லை. ஆடு மாட்டுக்குத் தண்ணீர் வைக்க ஆளில்லை, மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனை, தங்கப்போகிற வீட்டுக்காரியின் முகம் மூன்றாம் நாளே மாறிவிடும். இவைதான் காரணங்கள்.

ஒருமுறை ஒரு பிள்ளை வள்ளத்திலேயே பிறந்தது. நாலாவது பிரசவம், நோ வந்து அரை மணித்தியாலம்கூட இல்லை. பிள்ளையைத் துடைத்து, தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படக் கிடத்தி, மேலே என் சேலைத் தலைப்பால் மூடினேன். காற்று அடிக்கும்போது அதைவிட நல்ல சூடு வேறு இல்லை. நஞ்சுக்கொடி தானாக விழுந்தது, இரத்தமும் அளவோடு நின்றது. நின்றிராவிட்டால் என் கையில் இருந்ததை வைத்து என்னால் அதிகம் செய்திருக்க முடியாது. அந்த ஒரு மணித்தியாலம் என் கை அவள் அடிவயிற்றை விட்டு எழும்பவே இல்லை.

போர்க்காலத்தில் இரவில் கடலில் இறங்கவே முடியாது. பொழுதுபட்டு நோ வந்தால் விடியும்வரை தாங்க வேண்டும். 1985 மே 15 நெடுந்தீவிலிருந்து போன குமுதினிப் படகில் பயணிகளை வெட்டிக் கொன்றதை நினைத்தால், அதற்குப் பிறகு எத்தனை தாய்மார் பகலிலும் கடல் ஏறப் பயந்தார்கள் என்பது அந்தத் தலைமுறைக்குத்தான் தெரியும். அந்தப் பயம் இப்போது இல்லை. அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

சுக்கான் எழுதியது:

படகு ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நிறைமாதக்காரர் படகின் முன்னணியத்துப் பக்கம் இருக்கவே கூடாது. அலை அங்கேதான் அடிக்கும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் குலுக்கம் குறைவு. புகை மணத்தால் சத்தி வரும், அதற்குக் காற்று வருகிற பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

அக்கா, நாங்கள் கண்ணால் காண்கிற இன்னொன்று. கிளினிக் நாளில் யாழ்ப்பாணம் போகிற பெண்கள் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நாங்கள் போத்தலை நீட்டினாலும் வேண்டாம் என்பார்கள். ஏன் என்று ஆரம்பத்தில் விளங்கவில்லை. பிறகு என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

கல்வேலி எழுதியது:

அண்ணா, நீங்கள் அதை எழுதியதற்கு நன்றி. நாங்கள் வெளியில் சொல்லாத விசயம் அது.

படகில் கழிப்பறை வசதி கிடையாது. துறையில் இருந்தாலும் நம்பிப் போகிற நிலையில் எப்போதும் இருக்காது. பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். அதனால் ஸ்கான் எடுக்கப் போகிற நாளில் விடிய எழும்பி ஒரு வாய் தேத்தண்ணியோடு சரி. திரும்பித் தீவுக்கு வந்து வீட்டுப் படலையைத் திறக்கும்வரை தொண்டை காய்ந்துபோய்க் கிடக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அடிக்கடி போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அடக்கி அடக்கி எனக்கு மூத்தவள் வயிற்றில் இருந்தபோது இரண்டு தடவை சலத்தில் கிருமி வந்தது. குளிர்காய்ச்சலோடு கிடந்தேன். மாதவிடாய்க் காலத்தில் ரியூசனுக்கு யாழ்ப்பாணம் போகிற பெண்பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

இரவுப்பணி எழுதியது:

நான் மகப்பேற்று விடுதியில் வேலை செய்யும் டொக்டர். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம்.

கல்வேலி எழுதிய கடைசிப் பதிவை எங்கள் மாணவர்களுக்குப் படித்துக்காட்ட ஆசையாக இருக்கிறது. கர்ப்பகாலச் சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறும், குறைமாதப் பிரசவத்துக்கும் வழி திறக்கும். நாங்கள் மருந்து எழுதிக் கொடுத்து, "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். அவர் திரும்பிப் போகிற வழியில் குடிக்கவே முடியாது என்பதை யோசிப்பதில்லை. நான் யோசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறிகட்டுவானிலும் மாவிலித்துறையிலும் பூட்டுப் போடக்கூடிய, தண்ணீர் வருகிற, தினமும் கழுவுகிற பெண்கள் கழிப்பறை இரண்டு இருப்பது ஒரு கர்ப்பகாலச் சிகிச்சைக்குச் சமம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். தீவிலேயே அறுவைக்கூடம் ஏன் இல்லை என்று பலர் கேட்பார்கள். நெடுந்தீவில் நாலாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். இலங்கையின் பிறப்பு வீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கிழமைக்கு ஒரு பிரசவம் வருவதே அரிது. அதில் சிசேரியன் தேவைப்படுவது இன்னும் குறைவு. மகப்பேற்று நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் தாதியர், இரத்த வங்கி என்று ஒரு குழுவை அங்கே உட்கார வைத்தால், அவர்கள் கை பழக்கம் விட்டுப்போகும். பழக்கம் விட்ட கையிடம் அவசரத்தில் போவது பாதுகாப்பில்லை. ஆகவே வைத்தியசாலைக்குக் கிட்ட வந்து காத்திருப்பதுதான் மருத்துவ ரீதியில் சரி.

ஏன் எல்லாரும் வர வேண்டும், ஆபத்துள்ளவர்கள் மட்டும் வந்தால் போதாதா? போதாது. கர்ப்பிணிகளில் 15 சதவீதம் அளவில் ஏதாவது ஒரு பாரதூரமான சிக்கல் வரும் என்பது உலகெங்கும் எடுத்துக்கொள்ளும் கணக்கு. அந்தப் பதினைந்து யார் என்று முன்கூட்டிப் பிரித்தெடுக்க முடியாது. பிள்ளை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காமல் இரத்தம் போக ஆரம்பித்தால், அதுவரை எல்லாம் நன்றாக இருந்த பெண் இரண்டு மணித்தியாலத்தில் இறந்துபோகலாம். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஒக்சிடோசின் ஊசி உடனே போட வேண்டும். அந்த மருந்தையோ 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும், மின்சாரம் நீண்ட நேரம் போய்ச் சூடு பட்டால் அதன் வீரியம் குறையும். அதே வேலையைச் செய்கிற, சூட்டைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்தை 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் ஆய்வு செய்து, அதே அளவு பயன் தருகிறது என்று 2018இல் வெளியிட்டார்கள். தீவுகளுக்கென்றே செய்த மருந்து போல எனக்குப் பட்டது.

1994இல் தாதியஸ், மெயின் என்ற இருவர் தாய் மரணங்களை ஆராய்ந்து மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் கவனிப்புக் கிடைப்பதில் தாமதம். தீவு என்றதும் எல்லாரும் இரண்டாவதைத்தான், அதாவது கடலைத்தான் பார்க்கிறார்கள். கல்வேலி எழுதியதைப் படித்தால் முதலாவதே அறை வாடகையில் சிக்கிக் கிடக்கிறது. இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் மரணம் முப்பது அளவில்தான். இந்தப் பிராந்தியத்தில் பெருமைப்படக்கூடிய எண். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும் வீடு வீடாகப் போன மருத்துவிச்சிகளும் அதற்குப் பெரிய காரணம். ஆனால் இந்தச் சராசரிக்குள் நெடுந்தீவின் வாடைக்காலம் தெரியாது.

நேர்பேச்சு எழுதியது:

யாரையும் நோகடிக்க இதை எழுதவில்லை. நாலாயிரம் பேருக்காகத் தனிப் படகு, தனி வைத்தியசாலை, இப்போது தனித் தங்கிடம். வன்னியில் இன்னும் பஸ் போகாத கிராமங்கள் இருக்கின்றன. பிள்ளை பெறுகிற வயதில் இருக்கிற குடும்பங்கள் நிலப்பக்கம் குடிவந்தால் எல்லாருக்கும் நல்லதுதானே? என் பெற்றோரும் அப்படித்தான் தீவை விட்டு வந்தார்கள். அதனால்தான் நாங்கள் படித்தோம்.

புங்கையூரான் எழுதியது:

தம்பி நேர்பேச்சு, நானும் விட்டு வந்தவன்தான், ரொறன்ரோவில் 30 வருடம். ஆனால் விட்டுவந்தவன் நிற்கிறவளைப் பார்த்து நீயும் வா என்று சொல்வது வேறு, நிற்க முடியாமல் செய்வது வேறு. எங்கள் புங்குடுதீவில் கதவு பூட்டிய வீடுகளின் எண்ணிக்கை உங்களுக்குத் தெரியும்தானே. முதலில் போனது இளம் தாய்மார். பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை, பிறகு ஆசிரியர் இல்லை, பிறகு பஸ் குறைந்தது. எங்களுக்குப் பாலம் இருந்தும் இந்த நிலை.

இங்கே கனடாவின் வடக்கில், ஹட்சன் குடாக் கரையில் இருக்கும் இனுவிட் ஊர்களுக்கும் இதே கதை. கர்ப்பிணிகளை விமானத்தில் ஏற்றித் தெற்கே நகரத்துக்கு அனுப்புவார்கள். மொழி தெரியாத இடத்தில், புருசனும் பிள்ளைகளும் இல்லாமல் கிழமைக்கணக்கில் தனியே இருந்து பெற்றுவிட்டுத் திரும்ப வேண்டும். 1986இல் பூவிர்னிட்டுக் என்ற ஊரில் அவர்களே போராடிப் பிரசவ நிலையம் திறந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களையே மருத்துவிச்சிகளாகப் பழக்கினார்கள். சிக்கல் இல்லாத பிரசவங்கள் அங்கேயே நடக்கின்றன. நெடுந்தீவில் அதை ஏன் யோசிக்கக்கூடாது, டொக்டர்?

இரவுப்பணி எழுதியது:

யோசிக்கலாம் ஐயா. சிக்கலில்லாத இரண்டாவது, மூன்றாவது பிரசவம், நல்ல எச்.பி., கடல் அமைதியான பங்குனி சித்திரை மாதம் என்றால் என் மனம் முழுதாக மறுக்காது. வாடையில் மாட்டேன். அவர்களுக்கு விமானம் இருக்கிறது, ஆனாலும் பனிப்புயலில் அதுவும் நிற்கும் என்று தெரிந்தே அந்த முடிவை எடுத்தார்கள். யார் எந்த அளவு ஆபத்தை ஏற்கிறோம் என்பதைத் தாய்மாரோடு உட்கார்ந்து பேசி எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. நாங்கள் இன்னும் "36 கிழமையில் வா" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை மூடுகிறோம்.

கிளாஸ்கோ மழை எழுதியது:

நேர்பேச்சுக்கு இன்னொரு தீவின் கதை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அத்திலாந்திக்கில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவு. கடற்பறவை பிடித்து வாழ்ந்த சனம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேல் இரண்டு கிழமை தாண்டவில்லை. பிறந்து சில நாளில் வாய் கிட்டும், பால் குடிக்காது, உடல் விறைக்கும். தொப்புள் வழியாக வந்த ஏற்புவலி (டெட்டனஸ்) நோய். ஊர்ச்சனம் அதைக் கடவுளின் சித்தம் என்று தாங்கிக்கொண்டது. தாய்மார் பிள்ளை உயிரோடு இருக்கும் என்று தெரியும்வரை உடுப்பே தைப்பதில்லையாம். அங்கே இருந்த ஃபிடிஸ் என்ற போதகர் கிளாஸ்கோவுக்கு வந்து கிருமிநீக்கும் முறையைக் கற்றுப் போய்த் தொப்புள்கொடியைச் சுத்தமாகக் கையாள வைத்தார். 1890களில் அந்தச் சாவு நின்றது. ஒருவர் கடல் கடந்து கற்றுப்போன கைச்சுத்தம், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் ஆள் குறைந்துவிட்டது. 1930 தொடக்கத்தில் ஒரு இளம் கர்ப்பிணி நோயுற்றார். தை மாதக் கடல், நினைத்த நேரத்தில் கரை சேர்க்க முடியவில்லை. கடைசியில் கிளாஸ்கோவில் இறந்துபோனார். அதோடு ஊர் மனம் விட்டுப்போய், ஆவணி (ஓகஸ்ட்) 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும் தீவை விட்டு ஏறினார்கள். இன்று அங்கே அவர்களின் கல்வீடுகள் நிற்கின்றன, அந்தச் சனம் இல்லை. சுற்றுலாவாக ஒருமுறை போனேன். ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு கற்பலகை, யார் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது.

நேர்பேச்சு எழுதியது:

படித்தேன். தங்கிடம் வேண்டாம் என்று நான் இனிச் சொல்ல மாட்டேன். எங்கள் பெற்றோர் வந்தது விரும்பி அல்ல என்று அம்மாவும் இன்று சொன்னார். என் தம்பி பிறந்தபோது மூன்று நாள் கடல் விடாமல் இருந்ததாம். இத்தனை வருடத்தில் இன்றுதான் கேட்டேன்.

மலையடிவாரம் எழுதியது:

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், ஜவ்வாதுமலைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்களுக்குக் கடல் இல்லை, மலை. மழைக்காலத்தில் ஓடை பெருகினால் மேலிருக்கும் ஊர்களுக்கும் உங்கள் தீவுக்கும் வித்தியாசம் கிடையாது.

மலைவாழ் மக்களுக்காக எங்கள் மாநிலத்தில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை என்று வைத்திருக்கிறார்கள். தேதிக்கு முன்னாடியே வந்து, துணைக்கு ஒருவரோடு தங்கலாம், சாப்பாடும் உண்டு. நான் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டடம் மட்டும் இருந்தால் யாரும் வரமாட்டார்கள். எங்களுடையது முதலில் காலியாகத்தான் கிடந்தது. ஒரு அம்மாவிடம் கேட்டேன். "அங்க படுக்கை இருக்கு, அடுப்பு இல்லையே. என் மாமியார் சும்மா உட்கார்ந்து என்ன பண்ணும்?" என்றார். பின்பக்கம் ஒரு விறகடுப்பு போட்டுக் கொடுத்தோம். சாமை, கீரை என்று அவர்களே சமைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்றோம். அதற்குப் பிறகு ஆள் வர ஆரம்பித்தது.

சகோதரி கல்வேலி, உங்கள் பட்டியலில் சமையலும் மூத்த பிள்ளையும் இருப்பதைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

அனலைதீவான் எழுதியது:

பிரசவம் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். பிறந்த பிறகு என்ன செய்வது? எங்கள் சின்னவனுக்கு 14 மாதத்தில் வயிற்றோட்டம். கடைசிப் படகு போய்விட்டது. கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வரவில்லை. மிட்வைஃப் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் பக்கெற் ஒன்றை ஒரு லீற்றர் ஆறிய தண்ணீரில் கரைத்து, தேக்கரண்டியால் நிமிடத்துக்கு ஒரு கரண்டி கொடுத்தோம். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பவும். நானும் மனைவியும் மாறி மாறி விடிய நாலு மணி வரைக்கும். நாலரைக்கு மூத்திரம் போனான். அந்த ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்து நாங்கள் பட்ட சந்தோசம் சொல்ல முடியாது. காலையில் முதல் படகில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டு போனோம். சேலைன் தேவைப்படவில்லை, சிங்க் குளிசை தந்து அனுப்பினார்கள்.

அன்று வீட்டில் இருந்தது ஒரே ஒரு பக்கெற். இப்போது ஆறு வைத்திருக்கிறோம். கடைசிப் படகு போனபின் கடைக்கும் போக முடியாது என்பதைத் தீவில் பிள்ளை வளர்க்கிற எல்லாரும் மனதில் வைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மருத்துவிச்சி எழுதியது:

தம்பி நல்லாச் செய்திருக்கிறீர்கள். தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணற்றுப் பக்கம் நல்ல தண்ணீர், மற்றப் பல இடங்களில் உவர். கோடை முற்ற முற்ற உவர் கூடும். கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் நாங்கள் முதலில் கேட்பது எந்தக் கிணறு என்றுதான். டொக்டர், இதில் ஏதும் உண்டா?

இரவுப்பணி எழுதியது:

உண்டு அம்மா. வங்காளதேசத்தின் குல்னா கரையோரத்தில், தாக்கோப் என்ற பகுதியில் ஆராய்ந்திருக்கிறார்கள். உவர்த் தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடம் இரத்த அழுத்தமும் வலிப்புக்கு முந்திய நிலையும் (பிரீஎக்லாம்சியா) கூடுதலாகக் காணப்பட்டது. நல்ல தண்ணீர் கிடைத்தால் அதைக் குடிப்பதற்கு மட்டுமாவது கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஒதுக்கிவைக்க வேண்டும். கருவாட்டு உப்பும் சேர்கிறது என்பதை மறக்கக்கூடாது. தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக்குக்குக் காத்திராமல் அன்றே அழுத்தம் பார்க்க வேண்டும்.

புங்கையூரான் எழுதியது:

எங்கள் ஊர்ச்சங்கத்தில் பேசினேன். கோவில் திருப்பணிக்குச் சேர்த்த நிதி முடிந்தது, அடுத்து என்ன என்ற கேள்வி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு எடுத்தால், தீவகத் தாய்மார் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தங்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று எந்தத் தீவானாலும் சரி. என்னென்ன வேண்டும் என்று தாய்மாரே சொன்னால் நல்லது. எங்களுக்குக் கட்டத்தான் தெரியும்.

கல்வேலி எழுதியது:

ஐயா, சொல்கிறேன். குசினியும் முற்றத்தில் ஒரு விறகடுப்பும் வேண்டும். சரக்கு அரைக்க அம்மி வேண்டும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்காமல் அம்மா இருக்க மாட்டார். மூத்த பிள்ளைகள் விளையாட முற்றம். புருசன்மார் வந்தால் திண்ணையிலாவது படுக்க இடம். பிள்ளை பிறந்து வந்த பிறகும் கடல் விடும்வரை நிற்க விட வேண்டும், துடக்கு என்ற பேச்சு அந்த வீட்டு வாசலில் வரக்கூடாது. குறைமாதப் பிள்ளை விடுதியில் இருக்க, தாய் மட்டும் வெளியே வந்தால் அவளும் அங்கே இருந்து பால் கொடுத்துவர முடிய வேண்டும். வாரம் ஒருதரம் ஒரு மிட்வைஃப் வந்து அழுத்தம் பார்த்தால் பயமில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள எங்கள் தீவு அம்மா ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும், சும்மா அல்ல.

இரவுப்பணி எழுதியது:

அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள், ஐயா. கியூபாவில் 1962 முதல் இப்படியான தாய்மார் இல்லங்கள் சுகாதார அமைப்போடு சேர்ந்தே நடக்கின்றன. வேறு நாடுகளில் நன்கொடையில் கட்டி, நடத்த ஆளில்லாமல் கதவு பூட்டியவையும் இருக்கின்றன. வீடு வாங்குகிற காசைவிட, ஐந்து வருடச் சாப்பாட்டுக் காசையும் அந்த அம்மாவின் சம்பளத்தையும் முதலில் ஒதுக்கி வையுங்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவிச்சி எழுதியது:

தங்கச்சி, சங்கம் வீடு எடுக்கும்வரை உன் பிள்ளை பொறுக்காது. யாழ்ப்பாணத்தில் என் அக்கா தனியே இருக்கிறார். நேற்றுப் பேசினேன். குசினியும் இருக்கிறது, மகளும் வரலாம். அவருக்கும் பேச்சுத் துணையாச்சு. தனிமடல் பார்.

கல்வேலி எழுதியது:

பார்த்தேன் அம்மா. நேற்று உங்கள் அக்காவோடு பேசினோம், இவர் போனை வாங்கித் தானும் பேசினார். கார்த்திகை முதல் கிழமையில், வாடைக்கு முன்னால் புறப்படுகிறோம். கிளினிக் கொப்பி, இரத்த வகை அட்டை, பிள்ளைக்குப் பழைய வேட்டித் துண்டுகள், கிளினிக்கில் தருகிற திரிபோஷாச் சத்துமா இரண்டு பை, முருங்கையிலை காய வைத்தது கொஞ்சம் எல்லாம் ஒரு பையில் கட்டியாயிற்று. சுக்கான் அண்ணா, நடுவுக்குச் சற்றுப் பின்னால் எங்களுக்கு இரண்டு இடம் பிடித்து வையுங்கள். மகள் தன் பொம்மைக்கும் ஒரு இடம் வேண்டும் என்கிறாள்.

சுக்கான் எழுதியது:

மூன்று இடம் வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்குத் துறைக்கு வாருங்கள் அக்கா. தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். குறிகட்டுவானில் கழிப்பறைக்குக் கிட்டத்தில் இருக்கிற கடைக்காரரிடம் சொல்லித் திறப்பு (சாவி) வாங்கி வைத்திருக்கிறேன், என் மனைவி அங்கே நிற்பாள்.